'மெமொயர்ஸ் ஆஃப் எ கெய்ஷா': படம் பார்த்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராப் மார்ஷல் இயக்கி 2005 டிசம்பரில் வெளியான இந்தப் படத்தைப் பார்த்து முடித்ததும் பெரும்பாலானோர் கேட்பது ஒன்றுதான்: "இதெல்லாம் நிஜமாகவே இப்படித்தானா?" கதையைப் பற்றிய கேள்விகளை விட, கெய்ஷாக்களின் உடை, ஒப்பனை, வாழ்க்கை முறை பற்றிய கேள்விகளே அதிகம். அதனால் அவற்றுக்கே இங்கே கூடுதல் இடம். முடிவு இன்னும் தெரியாதவர்களுக்காக, கடைசிக் காட்சியை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

கதை என்ன?

1929. கடலோர மீனவக் கிராமம் ஒன்றில் வறுமையில் வாடும் தகப்பன், 9 வயது சியோவையும் அவள் அக்கா சாட்சுவையும் விற்றுவிடுகிறார். க்யோட்டோவில் சியோவை ஒரு கெய்ஷா வீடு எடுத்துக்கொள்கிறது. அக்கா விலைமாதர் விடுதிக்குப் போகிறாள். அந்த வீட்டின் பெரிய வருமானமே ஹட்சுமோமோ என்ற கெய்ஷாதான். அவளுக்குச் சியோவைக் கண்டாலே ஆகாது. தப்பியோட முயன்று கூரையிலிருந்து விழும் சியோ வேலைக்காரியாகவே தங்கிவிடுகிறாள். ஒருநாள் பாலத்தருகே அழுதுகொண்டிருந்தவளுக்குக் கனவான் ஒருவர் பனித்துருவல் வாங்கிக் கொடுத்து, கைக்குட்டையில் காசும் முடிந்து தருகிறார். அவர்தான் 'சேர்மன்'. அவர் இருக்கும் உலகத்துக்குள் நுழைய ஒரே வழி கெய்ஷாவாவதுதான் என்று சியோ முடிவுகட்டுகிறாள். சில ஆண்டுகள் கழித்து மமேஹா என்ற புகழ்பெற்ற கெய்ஷா அவளைத் தங்கையாக ஏற்க, சியோ 'சயூரி' ஆகிறாள். பிறகு போட்டி, ஏலம், போர், துரோகம்.

கெய்ஷா என்றால் விலைமாதர்தானே?

இல்லை. 'கெய்' என்றால் கலை, 'ஷா' என்றால் ஆள். பாட்டு, ஆட்டம், ஷாமிசென் எனும் மூன்று தந்தி இசைக்கருவி வாசிப்பு, பேச்சு, விருந்தில் மது ஊற்றும் நயம், இவற்றை வைத்துப் பிழைப்பவர் கெய்ஷா. 18ஆம் நூற்றாண்டில் இந்தப் பெயரில் முதலில் இருந்தவர்கள் ஆண்கள். பெண்கள் பின்னால் வந்து தொழிலையே தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். விலைமாதர்களுக்கு அப்போது தனி உரிமமும் தனிப் பேட்டையும் இருந்தன. அவர்களின் வாடிக்கையாளரைப் பறிக்கக் கூடாது என்பதற்காகவே கெய்ஷாக்கள் உடலை விற்பதற்குக் கட்டுப்பாடு இருந்தது.

குழப்பம் எங்கே வந்தது என்றால், இரு தரப்பும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாழ்ந்தார்கள், இரு தரப்பும் பட்டு உடுத்தினார்கள். போருக்குப் பின் வந்த அமெரிக்கப் படையினருக்கு கிமோனோ கட்டி வந்த பெண்களெல்லாம் 'கெய்ஷா' ஆகிவிட்டார்கள். படத்திலும் அந்தக் காலத்துக் காட்சிகளில் இது வருகிறது.

ஆனால் இதை ஒரேயடியாகத் தூய்மைப்படுத்திச் சொல்வதும் நேர்மையில்லை. பணக்காரர் ஒருவர் ஒரு கெய்ஷாவின் செலவுகளை ஏற்று 'தன்னா' என்னும் புரவலராக இருப்பது வழக்கத்தில் இருந்தது. படத்தில் மமேஹாவுக்கு 'பாரன்' எனும் பிரபு இருப்பதுபோல. பிடித்துப்போய் ஏற்றவர்களும் உண்டு. கடனுக்காகத் தலையசைத்தவர்களும் உண்டு.

ஒரு சின்ன அடையாளம்: ஒபி எனப்படும் இடுப்புப் பட்டையின் முடிச்சு முன்பக்கம் இருந்தால் அவர் ஒய்ரான், அதாவது உயர்தர விலைமாது. கெய்ஷாவுக்கு முடிச்சு எப்போதும் முதுகுப்பக்கம்.

ஒக்கியா, ஒச்சாயா, ஹனமாச்சி: இவையெல்லாம் என்ன?

ஹனமாச்சி என்பது பேட்டை. சொல்லுக்குச் சொல் 'பூ நகர்'. க்யோட்டோவில் இன்றும் ஐந்து உண்டு: கியோன் கோபு, கியோன் ஹிகாஷி, பொன்டோச்சோ, மியகவாச்சோ, கமிஷிச்சிகென். ஒக்கியா என்பது கெய்ஷாக்கள் தங்கி வளரும் வீடு. அதன் தலைவியை 'அம்மா' என்றே அழைப்பார்கள். ஒச்சாயா என்பது விருந்து நடக்கும் மனை. பெயரில் தேநீர் இருந்தாலும் அது டீக்கடை அல்ல. தெரிந்தவர் அழைத்து வந்தால்தான் புது ஆளுக்கு அங்கே இடம். கணக்கெல்லாம் பின்னால் ரசீதாக வரும் என்பதால், யார் என்றே தெரியாதவரை உள்ளே விட முடியாது.

இன்னொன்று: க்யோட்டோவில் 'கெய்ஷா' என்று சொல்வது குறைவு. அங்கே தேர்ந்தவர் 'கெய்க்கோ', பயிற்சியில் இருப்பவர் 'மைக்கோ'.

சியோவின் கடன் ஏன் தீரவே மாட்டேன் என்கிறது?

படத்தில் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. வாங்கிய விலை, சோறு, துணி, பள்ளிக் கட்டணம், கூரையிலிருந்து விழுந்த பிறகு மருத்துவச் செலவு, ஹட்சுமோமோ மிரட்டி மைபூச வைத்த மமேஹாவின் கிமோனோவுக்கு நஷ்டஈடு, எல்லாமே அவள் கணக்கில் ஏறுகின்றன. அறிமுகமான பிறகு வரும் சம்பளமும் நேராக வீட்டுக்குத்தான் போகும். ஒக்கியாவின் பொருளாதாரம் இப்படித்தான் நடந்தது: ஒரு பெண்ணின் மேல் ஆண்டுக்கணக்கில் முதல் போட்டு, அவள் புகழ்பெற்றால் எடுப்பது. கிமோனோக்கள்கூட வீட்டுச் சொத்து.

இதிலிருந்து தப்பிக்க மூன்று வழிகள்தான். கடனைக் கட்டித் தனியாகப் போவது, புரவலர் கட்டுவது, அல்லது வீட்டின் வாரிசாகத் தத்தெடுக்கப்படுவது. 'பூசணி' என்ற தோழி தனக்கே என்று நம்பியிருந்த தத்து சயூரிக்குப் போகும் காட்சியை இதை மனத்தில் வைத்துப் பார்த்தால், பின்னால் அவள் செய்யும் காரியம் வெறும் பொறாமையாகத் தெரியாது. அவளுடைய விடுதலைச் சீட்டு பறிபோயிருக்கிறது.

கெய்ஷாவாக எத்தனை வருடம் ஆகும்? படத்தில் சில மாதங்களில் ஆகிவிடுகிறாளே?

படம் மிகவும் சுருக்கிவிட்டது. முறைப்படி முதலில் ஷிகோமி: வீட்டு வேலை, க்யோட்டோ வட்டார வழக்குப் பேச்சு, ஆட்டத்தின் அடிப்படை என்று ஓராண்டு அளவுக்கு ஓடும். அடுத்து மினராய், பார்த்துக் கற்பது. ஏறத்தாழ ஒரு மாதம். விருந்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் மூத்தவர்களைக் கவனிக்க வேண்டும். இவளுடைய ஒபி, மைக்கோவினுடையதில் பாதி நீளம்தான். பிறகு மிசேதாஷி என்னும் அறிமுகம். அதற்கு முன் வழிகாட்டும் மூத்த கெய்ஷாவான 'அக்கா'ளும் புதியவளான 'தங்கை'யும் மூன்று கிண்ணத்திலிருந்து மும்மூன்று மிடறு சாகே எனும் அரிசி மது குடித்து உறவு பூணுவார்கள். ஜப்பானியத் திருமணத்தில் மணமக்கள் செய்யும் அதே சடங்கு. அதனால்தான் மமேஹா-சயூரி உறவு ஆசிரியை-மாணவி உறவைவிட ஆழமானது.

மைக்கோவாக நாலைந்து ஆண்டுகள். 20 வயது வாக்கில் எரிகாயே, அதாவது 'கழுத்துப்பட்டை மாற்றுதல்': சிவப்புப் பட்டை போய் வெள்ளைப் பட்டை வரும். அன்றிலிருந்து அவர் கெய்க்கோ. இன்று நடுநிலைப் பள்ளி முடித்து 15 வயதுக்குப் பிறகுதான் சேர முடியும். யாரும் விற்கப்பட்டு வருவதில்லை.

அந்த ஏலம் உண்மையா?

மிசுஆகே எனப்படும் இது பற்றித்தான் பெரிய சண்டையே. படத்தில் சயூரியின் கன்னிமை 15,000 யென்னுக்கு ஏலம் போகிறது. பல பேட்டைகளில் புதியவளின் முதல் இரவுக்குப் பணம் வாங்கிய வழக்கம் போருக்கு முன் இருந்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் அதைக் கெய்ஷாவாகும் ஒவ்வொருத்தியும் தாண்டியாக வேண்டிய கட்டாயப் படியாக, ஊரறிந்த ஏலமாகக் காட்டுவதுதான் சிக்கல். கியோன் கோபுவில் இருந்தவர்கள் அதை மறுத்திருக்கிறார்கள். அங்கே இந்தச் சொல் பருவமாற்றத்தையும் அதற்கேற்ற கொண்டை மாற்றத்தையும் குறித்தது என்பது அவர்கள் தரப்பு. 1956இல் இயற்றிய விபசாரத் தடுப்புச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் 1958இல் அமலுக்கு வந்தன. அத்தோடு அந்த வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போனது.

நாவல் உண்மைக் கதையா? வழக்கு என்ன ஆயிற்று?

புனைவு. ஆர்தர் கோல்டன் என்ற அமெரிக்கர் 1997இல் எழுதிய நாவல். அதற்காக அவர் பேட்டி கண்டவர்களில் ஒருவர், கியோன் கோபுவில் கொடிகட்டிப் பறந்த மினேகோ இவாசாகி. தன் பெயரை வெளியிடக் கூடாது என்ற வாக்குறுதி மீறப்பட்டது, தன் வாழ்க்கை திரிக்கப்பட்டது என்று 2001இல் அவர் வழக்குப் போட்டார். 2003இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. இடையில் 2002இல் தன் வாழ்க்கையைத் தானே எழுதி வெளியிட்டார். படத்தைப் பார்த்தவர்கள் அதையும் படித்தாக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. உள்ளே இருந்தவரின் குரல் அதில்தான் இருக்கிறது.

முகத்தில் அந்த வெள்ளை எப்படிப் பூசுகிறார்கள்?

முதலில் பின்ட்சுகே எனும் மெழுகு. உள்ளங்கையில் தேய்த்து இளக வைத்து முகம், கழுத்து, மேல்மார்பு, பிடரி எங்கும் தடவ வேண்டும். இது சீராக இல்லாவிட்டால் மேலே வரும் வெள்ளை திட்டுத்திட்டாகப் பிடிக்கும். விருந்து சூட்டில் வெடிக்கும். அடுத்து ஒஷிரொய் எனும் வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, மூங்கில் பிடிபோட்ட அகலத் தூரிகையால் பூசுவார்கள். ஈரத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்து, மேலே பொடி. கன்னத்திலும் கண்ணோரத்திலும் இளஞ்சிவப்பு. புருவத்தில் சிவப்பும் கருப்பும். உதட்டுக்குக் குசும்பப் பூவிலிருந்து எடுத்த பெனி. பழங்காலத்தில் வெள்ளைப் பொடியில் ஈயம் கலந்திருந்ததால் பலருடைய தோல் கெட்டது.

இதில் மிக நுட்பமானது பிடரி. அங்கே முழுதும் பூச மாட்டார்கள். முடி தொடங்கும் இடத்திலிருந்து கீழ்நோக்கி இரண்டு கூர்முனைகளாகத் தோலை அப்படியே விட்டு, சுற்றிலும் வெள்ளை தீட்டுவார்கள். அறிமுக நாள் போன்ற பெரிய விசேஷங்களில் கருப்பு கிமோனோ உடுத்தும்போது கூர்முனைகள் இரண்டுக்குப் பதில் மூன்றாகும். கிமோனோவின் கழுத்தைப் பின்னால் இறக்கிக் கட்டுவது இதைக் காட்டத்தான். தனக்குத்தானே தீட்டிக்கொள்ள எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி வேண்டும். கை நடுங்கினால் துடைத்துவிட்டு மெழுகிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

முதலாண்டு மைக்கோ கீழுதட்டுக்கு மட்டுமே சாயமிடுவாள். மூத்த கெய்க்கோக்கள் நடுவயதில் அன்றாட விருந்துகளுக்கு வெள்ளையே பூசுவதில்லை. படத்தில் இந்தப் படிநிலை முழுக்க மங்கிவிட்டது. நடிகைகளின் முகபாவம் தெரிய வேண்டும் என்பதற்காக ஒப்பனையை இலேசாக்கி, உதட்டை இன்றைய பாணியில் தீட்டியிருக்கிறார்கள்.

கொண்டையும் பூவும் சரியாக இருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. ஹட்சுமோமோ அவிழ்ந்த கூந்தலோடு அலைவது அவள் குணத்துக்குப் பொருந்தலாம். நிஜத்தில் அப்படி ஒருத்தி வாசல் தாண்ட முடியாது. மைக்கோவின் கொண்டை அவள் சொந்த முடி. வாரத்துக்கு ஒருமுறைதான் முடிப்பார்கள். அதுவரை குலையாதிருக்க, தக்கமகுரா எனும் உயரத் தலையணையில் கழுத்தை மட்டும் தாங்கித் தூங்க வேண்டும். உச்சியில் இழுத்து இழுத்துக் கட்டுவதால் ஆண்டுகள் போகப்போக அங்கே வழுக்கை விழுவதுண்டு. கெய்க்கோ ஆனபின் பொய்முடி.

மைக்கோவின் பட்டுப் பூ மாதாமாதம் மாறும். பிப்ரவரிக்குப் பிளம், மார்ச்சுக்குக் கடுகினப் பூ, ஏப்ரலுக்குச் செர்ரி, மே மாதம் விஸ்டீரியா, ஜூனுக்கு வில்லோ, அக்டோபருக்குச் செவ்வந்தி, நவம்பருக்கு மேப்பிள். டிசம்பரில் சிறு பெயர்ப்பலகைகள் தொங்கும். அதில் கபுகி எனும் பாரம்பரிய நாடகத்தின் நடிகர்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். படங்களில் செர்ரி மரம் பூத்து நிற்க, தலையில் மேப்பிள் இருந்தால் தவறு என்று உடனே சொல்லிவிடலாம்.

உடை?

கொலீன் அட்வுட்டின் ஆடைகளுக்கு ஆஸ்கர் கிடைத்தது, கண்ணுக்கு விருந்துதான். ஆனால் இடுப்பைச் சிறுத்துக் காட்டும் மேற்கத்திய உருவமாக அவற்றை வெட்டியிருக்கிறார்கள். கிமோனோவின் அழகு அதற்கு நேர் எதிர். இடுப்பில் துண்டுகளைச் சுற்றி, வளைவுகளை மறைத்து, உடலை ஒரு உருளையாக்கிய பிறகே ஒபி ஏறும். மைக்கோவின் தராரி ஒபி 5 மீட்டருக்கு மேல் நீளம்; பின்னால் கணுக்கால் வரை தொங்கும்; அதன் நுனியில் ஒக்கியாவின் சின்னம் நெய்திருக்கும். கட்டிவிட ஒதொகோஷி எனும் ஆண் உடையலங்காரர் வருவார், ஏனென்றால் அந்த முடிச்சை இறுக்க நல்ல பலம் வேண்டும். இந்த விவரத்தைப் படம் சரியாகவே பிடித்திருக்கிறது. காலில் சுமார் 10 சென்டிமீட்டர் உயர மரச்செருப்பு, ஒக்கோபோ.

எங்களுக்கு மிகப் பிடித்த ஒரு விவரம்: தரையில் புரளும் கிமோனோ ஓரத்தைக் கெய்ஷா எப்போதும் இடக்கையால்தான் தூக்கிப் பிடிப்பார். அப்படிப் பிடித்தால் உள்ளுடையும் மேலுடையும் எளிதில் விலகாது. 'இடது ஓரத்தைப் பிடிப்பது' என்றாலே ஜப்பானியத்தில் கெய்ஷா தொழிலில் இருப்பது என்று பொருள்.

பனிப் பொழிவில் சயூரி ஆடும் ஆட்டம் எந்த வகை?

அது படத்துக்காக உருவாக்கியது. சுழன்று விழுவதும், தலைவிரி கோலமும், அந்த உயர மேடைச்செருப்பும் நவீன மேடைக்கும் கபுகிக்கும் நெருக்கமானவை. கியோன் கோபுவின் இனோவே பள்ளி ஆட்டம் சின்னஞ்சிறு அறையில், பாய்மேல், விசிறியின் ஒரு திருப்பலில் பருவகாலத்தையே காட்டுவது. அதை அப்படியே எடுத்திருந்தால் திரையரங்கில் எடுபட்டிருக்குமா என்பது நியாயமான கேள்விதான். ஆனாலும் அரை நிமிடமாவது காட்டியிருக்கலாம் என்ற ஏக்கம் எங்களுக்கு உண்டு.

ஜப்பானியர் கதையில் ஏன் சீன நடிகைகள்?

சயூரியாக நடித்த ஜாங் சியீயும், ஹட்சுமோமோவாக நடித்த கோங் லீயும் சீனர்கள். மமேஹாவாக நடித்த மிஷேல் யோ மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர். உலகச் சந்தையில் அறிமுகமான முகங்களும் ஆங்கிலத்தில் நடிக்கும் திறனும் வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. இரு நாடுகளிலும் எதிர்ப்பு வந்தது. ஜப்பானில், 'நம்மூரில் நடிகைகளே இல்லையா' என்று கேட்டார்கள். சீனாவில் காயம் இன்னும் ஆழமானது: கதை நடக்கும் 1930களில்தான் ஜப்பானியப் படை சீனாவை ஆக்கிரமித்தது. 2006 பிப்ரவரியில் வெளியாகவிருந்த படத்துக்குச் சீனாவில் அனுமதி மறுக்கப்பட்டது. ஜப்பானில் படத்தின் பெயர் 'சயூரி'.

சேர்மனாக கென் வத்தனபே, அவருடைய தொழில் கூட்டாளி நோபுவாக கோஜி யாக்குஷோ, பூசணியாக யூக்கி குதோ, சிறுமி சியோவாக சுசுக்கா ஒகோ ஆகியோர் ஜப்பானியர்களே. நடிகைகளுக்குப் படப்பிடிப்புக்கு முன் ஆறு வாரம் பயிற்சி நடந்தது. ஆலோசகர் லைசா டால்பி. 1970களில் பொன்டோச்சோ கெய்ஷாக்களோடு வாழ்ந்து ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர்.

எங்கே படமாக்கினார்கள்?

தெருக்கள் எல்லாம் கலிஃபோர்னியாவில் தவுசண்ட் ஓக்ஸ் அருகே போட்ட அரங்கம். இன்றைய க்யோட்டோவில் மின்கம்பியும் பெயர்ப்பலகையும் இல்லாத தெரு கிடைப்பது கடினம். சிறுமி சியோ செந்நிறத் தோரணவாயில்களுக்கு நடுவே ஓடும் காட்சி அசல் இடத்தில் எடுத்தது: க்யோட்டோவின் தெற்கே உள்ள ஃபுஷிமி இனாரி ஆலயம். க்யோட்டோ நிலையத்திலிருந்து ஜே.ஆர். ரயிலின் நாரா தடத்தில் இரண்டாவது நிறுத்தம் இனாரி. இறங்கினால் எதிரே ஆலய வாசல். விடியற்காலையில் போனால்தான் அந்தக் காட்சியின் தனிமை கிடைக்கும். ஒன்பது மணிக்கு மேல் கூட்டத்தில் வாயில்களே தெரியாது.

விருதுகள்?

ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள், மூன்று விருதுகள்: கலை இயக்கம், ஒளிப்பதிவு (டியன் பீப்), ஆடை வடிவமைப்பு. ஜான் வில்லியம்ஸின் இசைக்கு கோல்டன் குளோப் கிடைத்தது. சயூரிக்குச் செல்லோ, சேர்மனுக்கு வயலின். வாசித்தவர்கள் யோ-யோ மாவும் இட்சாக் பெர்ல்மனும். பின்னணியில் ஷாமிசெனும் ஷாக்குஹாச்சிக் குழலும் வரும் இடங்களை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

போர்க் காலத்தில் கெய்ஷாக்களுக்கு நிஜத்தில் என்ன நடந்தது?

1944இல் அரசு பேட்டைகளை மூடிப் பெண்களை ஆலை வேலைக்கு அனுப்பியது. போர் முடிந்தபின் மனைகள் திறந்தாலும் எல்லோரும் திரும்பவில்லை. 1920களில் ஜப்பான் முழுக்க 80,000 பேர் அளவில் இருந்ததாகச் சொல்லப்படும் தொழில் அது. இன்று ஆயிரத்தைச் சுற்றியே நிற்கிறது.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

சிறு பிள்ளைகள் வேண்டாம். 145 நிமிடப் படம். குழந்தைகளை விற்பது, அடிப்பது, பாரன் சயூரியின் உடையை வலுக்கட்டாயமாகக் களைவது எல்லாம் உண்டு. பதின்ம வயதினரோடு பெரியவர்கள் உட்கார்ந்து பார்க்கலாம்.

க்யோட்டோ போனால் கெய்க்கோ, மைக்கோவைப் பார்க்க முடியுமா?

முடியும், முறையாக. கியோன் கோபுவின் மியாக்கோ ஒதொரி 1872இல் தொடங்கிய ஆட்ட விழா; ஏப்ரலில் நடக்கும், சீட்டு வாங்கினால் யாரும் போகலாம். தேநீரும் சேர்த்து எடுக்கும் சீட்டில், ஆட்டத்துக்கு முன் மைக்கோக்கள் பரிமாறுவதை அருகிலிருந்து பார்க்கலாம். பொன்டோச்சோவின் கமோகவா ஒதொரி மே மாதம்.

தெருவில் துரத்திப் படமெடுக்காதீர்கள். கையைப் பிடித்து இழுப்பதும் கிமோனோவைத் தொடுவதும் அடிக்கடி நடந்ததால், கியோனின் தனியார் சந்துகளில் நுழையவும் படமெடுக்கவும் தடைவைத்து 10,000 யென் அபராதப் பலகை மாட்டியிருக்கிறார்கள். பட்டப்பகலில் முழு ஒப்பனையோடு நின்று செல்ஃபிக்குச் சிரிப்பவர்கள் பெரும்பாலும் வாடகை உடை உடுத்திய சுற்றுலாப் பயணிகள். உண்மையான மைக்கோ மாலை ஆறு மணி வாக்கில் விருந்துக்கு விரைவார். யாருக்காகவும் நிற்க மாட்டார். அவர் கடந்து போனபின் பிடரியைப் பாருங்கள்: தீட்டாமல் விட்ட அந்த இரண்டு கூர்முனைகள் தெரியும்.